வண்டி இன்னும் தயாராகவில்லை

தரங்கம்பாடி
20.1.2025

சுபாஷ் அப்பாவுக்கு,

பவளம் எழுதுகிறேன். ராஜலட்சுமி, மாதேஸ்வரி, நான் மூன்று பேரும் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்களுக்குச் சளி இறங்கியதா, இடது காது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவரிடம் போனில் பேசினால் தெருவே எட்டிப் பார்க்கிறது. அதோடு நமக்கு எழுதுவது என்ன புதிதா? நான் ஏ ஷிப்ட், நீங்கள் பி ஷிப்ட் என்று ஓடிய காலமெல்லாம் குடும்பத்தைச் சீட்டில்தானே நடத்தினோம். 'ரசம் அடுப்பில் இருக்கிறது. சுபாஷுக்குக் காய்ச்சல், சிரப் அரை மூடி' என்று நான் எழுதி வைத்துவிட்டுப் போவேன். 'கொடுத்தேன். கேஸ் புக் பண்ணியாச்சு' என்று நீங்கள் எழுதி வைப்பீர்கள். அந்தச் சீட்டு இப்போது கொஞ்சம் நீளமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜலட்சுமியின் சித்தி சரோஜம்மாள் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் கடல். பத்து நாள் இங்கே கை காலை நீட்டி ஓய்வெடுப்பது, அதற்குள் நீங்கள் மாதேஸ்வரியின் பழைய டெம்போவைப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த கேம்பர் வேனாக்கி அனுப்புவது, பிறகு கரையோரமாகவே ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கேரளா, உடுப்பி, கோவா வரை போவது. இதுதானே பேச்சு. மே முதல் வாரம் ராஜலட்சுமிக்கு முட்டி ஆபரேஷன். அதற்குப் பிறகு அவள் படி ஏறுவாளா என்பதே தெரியாது. ஆகவே ஏப்ரல் கடைசிக்குள் நாங்கள் திரும்பியாக வேண்டும்.

எனக்கு இந்தப் பயணம் வேண்டும். மீட்டர் கம்பெனியில் ஒரே லைனில் உட்கார்ந்து, பாத்ரூம் போக லீடரிடம் டோக்கன் வாங்கிய மூன்று பேர் நாங்கள். ஒரு தடவையாவது நாங்களாகக் கிளம்பி, நாங்களாக நிற்க வேண்டும். தீர்த்தகிரி பட்டறையில் வேலை எந்த மட்டில் இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பவளம்


ஓசூர்
29.1.2025

பவளத்துக்கு,

நலம். சளி இறங்கிவிட்டது. வலது காது பழையபடி. இடது காது குளிருக்கு அடைக்கிறது. உன் குதிகால் வலிக்கு மணலில் நடப்பது நல்லதா கெட்டதா என்று யாரிடமாவது கேள்.

வண்டியில் படுக்கை மூன்றும் போட்டாயிற்று. தண்ணீர்த் தொட்டி பொருத்தியாயிற்று. அடுப்பு மேடைக்கு வந்த பிளைவுட் வளைந்திருந்தது, திருப்பி அனுப்பினேன். வண்டியை மாற்றியதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஒப்புதல் வர வேண்டும். மாதக் கடைசிக்கு முடியாது. பிப்ரவரி பத்து ஆகும்.

பக்கத்து வீட்டு வெங்கடம்மா தினமும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி "அன்னா, தின்னாவா?" என்று தெலுங்கில் கேட்கிறது. தின்றேன் என்றாலும் களி உருண்டை வந்துவிடுகிறது.

கடல் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரத்தினவேல்


தரங்கம்பாடி
5.2.2025

சுபாஷ் அப்பாவுக்கு,

குதிகால் வலி போயே போய்விட்டது, ஊர்க் காற்றோ வேலையில்லாததோ தெரியவில்லை. உங்கள் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். சும்மா இருப்பதில்லை, அதுதான் கடல். நாங்கள்தான் சும்மா இருக்கிறோம். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. விடியற்காலை நாலரைக்கு உடம்பு தானாக எழுந்து கம்பெனி பஸ்ஸைத் தேடுகிறது. முதல் வாரம் மூன்று பேரும் எழுந்து, குளித்து, தலை சீவி, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது ராஜலட்சுமி எட்டு மணி வரை தூங்கப் பழகிவிட்டாள். எனக்கு இன்னும் வரவில்லை. கோட்டைப் பக்கம் நடந்து போய்க் கல் மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.

நேற்று மாதேஸ்வரி உயிரோடு நண்டு வாங்கி வந்தாள். கல்லாவியில் பிறந்தவளுக்கு ஏரி நண்டுதான் தெரியும். கடல் நண்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "யக்கோவ், இத்த எடுத்து வுடுங்கக்கா, பல்லு வச்சிருக்குது" என்று மாடி முழுக்க ஓடினாள். ராஜலட்சுமி சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, இன்ஹேலர் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேன் பாருங்கள். இரண்டு பேரும் ரிட்டயர் ஆகி ஒரே ஹாலில் உட்கார்ந்த நாளிலிருந்து நாம் இவ்வளவு பேசியதில்லை. நீங்கள் பேப்பரைப் பார்ப்பீர்கள், நான் சுவரைப் பார்ப்பேன். அந்த வீட்டில் சேர்ந்து இருந்து நமக்குப் பழக்கமே இல்லை.

பத்தாம் தேதி வண்டி வந்துவிடும் என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டோம். மாத்திரையை மறக்காதீர்கள்.

பவளம்


ஓசூர்
17.2.2025

பவளத்துக்கு,

நான் நலம். மாத்திரை போடுகிறேன். நீ விடியற்காலையில் தனியாகக் கோட்டைப் பக்கம் போவதாக எழுதியிருந்தாய். நாய் இருக்கும், கையில் குச்சி வைத்துக்கொள்.

வண்டி இன்னும் தயாராகவில்லை. சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் வந்து நிற்கிறது. ராயக்கோட்டை ரோட்டில் வனத்துறைக்காரர்கள் ஆளை நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறார்கள். பட்டறைக்கு ஆள் சரியாக வருவதில்லை. மாதக் கடைசி ஆகலாம்.

நண்டு விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டாய். விரல் என்ன ஆயிற்று? அந்த நண்டை என்ன செய்தீர்கள்? நீ அங்கே உட்காரும் கல் எந்தப் பக்கம் இருக்கிறது, உட்கார்ந்து எதை நினைத்துக்கொண்டிருப்பாய், அதையும் எழுது. உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். வீட்டில் இன்னொரு தடவை படித்தேன். முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே, லைனில் டோக்கன் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை.

குளிர் குறைந்துவிட்டது. அங்கே வெயில் எப்படி?

ரத்தினவேல்


தரங்கம்பாடி
25.2.2025

சுபாஷ் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், ராஜலட்சுமியின் முட்டியைத் தவிர. மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் சர்க்கரையை டெஸ்ட் செய்து எழுதுங்கள்.

மாதேஸ்வரியின் விரல் பிழைத்தது. நண்டு பிழைக்கவில்லை, மிளகு போட்டு வறுத்தோம். கல் கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது. உட்கார்ந்து எதையும் நினைப்பதில்லை, அதற்காகத்தான் அங்கே போகிறேன்.

இப்போது நீங்கள் எனக்குப் பதில் சொல்லுங்கள். சானமாவில் யானை நின்றால் ராயக்கோட்டை ரோடு நிற்கும், சரி. பட்டறைக்கு உள்ளே நிற்கும் வண்டிக்கு ஸ்க்ரூ முடுக்குவது ஏன் நிற்க வேண்டும்? யானை வந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டதா? மாதேஸ்வரி போன் செய்தால் தீர்த்தகிரி, "சாரையே கேட்டுக்கங்க, அவருதான் பாக்கறாரு" என்று வைத்துவிடுகிறார்.

நேற்று வரைபடத்தை விரித்துக் கோவாவை அடித்துவிட்டோம். நாள் போதாது. பென்சிலால் அடித்தது மாதேஸ்வரிதான். அடித்துவிட்டு, "கோவாவுல எனக்கு என்னக்கா வேல" என்றாள். அவள் புருஷன் போன பிறகு கம்பெனி வேலையை விட்டு, அதே டெம்போவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றியவள். ஊத்தங்கரைக்கும் சாமல்பட்டிக்கும் நடுவிலேயே அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை அது. நீங்கள் வேலை செய்கிற இடத்தில் எப்போதும் நேரத்துக்கு முன்னாலேயே முடிப்பவர் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கிறேன். என் பேச்சைக் காப்பாற்றுங்கள்.

பவளம்


ஓசூர்
9.3.2025

பவளத்துக்கு,

சர்க்கரை பரவாயில்லை, கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. வெங்கடம்மாவின் களிதான் காரணம் என்றேன், டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜலட்சுமியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

வண்டி இன்னும் தயாராகவில்லை. மலைக்கோயில் தேர் வருகிறது. ஊரே தேர் வேலையில் இருக்கிறது, பட்டறையில் ஆள் இல்லை. தேர் நிலைக்கு வந்த பிறகுதான்.

சுபாஷ் சந்தாபுரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து மீன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நான் வைத்த குழம்பு உப்பு. அவன் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தான், அதிலேயே தெரிந்துவிட்டது.

அங்கே சரோஜம்மாள் எப்படிப்பட்டவர்கள்? மூன்று பேரில் யார் சமைக்கிறீர்கள்? சாயங்காலம் என்ன செய்வீர்கள்? விவரமாக எழுது. இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிடாதே.

ரத்தினவேல்


தரங்கம்பாடி
16.3.2025

சுபாஷ் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனசு வரவில்லை. நன்றாக இருங்கள்.

தீர்த்தகிரியின் சம்சாரம் நாராயணம்மா மாதேஸ்வரிக்குப் போன் செய்தார்கள். "வண்டி தை மாசமே ரெடி ஆகிப்போச்சு, ஆர்.டி.ஓ. பேப்பரும் வந்துருச்சு. எப்பத்தான் எடுப்பீங்கம்மா, வேற வண்டிய உள்ள வுட எடமில்ல" என்று கேட்டார்கள். நீங்கள் தினமும் காலையில் போய், வண்டிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பச் சாத்தி, துடைத்து வைத்துவிட்டு வருகிறீர்களாம். "சார் இருக்கட்டும்னு சொன்னாரு" என்று தீர்த்தகிரி பின்னாலிருந்து சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

ராஜலட்சுமி எழுந்து உள்ளே போய்விட்டாள். மாதேஸ்வரி அழுதாள். நண்டு கடித்தபோதுகூட அழாதவள். உடுப்பியை அடித்தாயிற்று, கேரளாவையும் அடித்தாயிற்று. எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. யானை, தேர் என்று நீங்கள் எழுதியதையெல்லாம் அவர்களுக்குப் படித்துக் காட்டியவள் நான்.

நான் போக வேண்டாம் என்றால் ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம். சண்டை போட்டுவிட்டாவது கிளம்பியிருப்பேன். ஏன் இப்படிச் செய்தீர்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பவளம்


தரங்கம்பாடி
28.3.2025

சுபாஷ் அப்பாவுக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று சுபாஷைக் கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னான். நீங்கள் நன்றாக இருந்தும் எழுதவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ராஜலட்சுமி ஊருக்குத் திரும்பிவிடலாம் என்கிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாதமாவது வீட்டில் இருக்கிறேன் என்கிறாள். ஏப்ரல் பத்து வரை பொறுங்கள் என்று நான்தான் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குள் வண்டி வரவில்லையென்றால் மூன்று பேரும் பஸ் ஏறுகிறோம். அப்புறம் இந்தப் பயணம் இந்த ஜென்மத்தில் கிடையாது. அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து உங்கள் எதிரில் எந்த முகத்தோடு உட்காருவேன் என்பது எனக்கே தெரியவில்லை.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் குடியுங்கள்.

பவளம்


ஓசூர்
31.3.2025

பவளத்துக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

வண்டி பிப்ரவரியிலேயே தயார். நாராயணம்மா சொன்னது நிஜம். யானை வந்ததும் நிஜம், தேர் வந்ததும் நிஜம், அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை.

நீ போக வேண்டாம் என்று நான் நினைக்கவே இல்லை. வண்டி கிளம்பிவிட்டால் உனக்கு முகவரி கிடையாது. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். நான் எங்கே எழுதுவேன்? தரங்கம்பாடியில் இருக்கும் வரை நான் எழுதினால் நீ எழுதுகிறாய். அந்த பிப்ரவரி ஐந்தாம் தேதிக் கடிதத்தில் நண்டு, கல், கம்பெனி பஸ் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு இன்னொன்று வரட்டும் என்று ஒரு வாரம் தள்ளினேன். அடுத்தது வந்ததும் இன்னும் ஒரு வாரம் தள்ளினேன். அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. ஹாலில் நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன கேட்பதென்று தெரிவதில்லை. கேட்டாலும் நீ சொல்வது பாதிதான் காதில் விழும். 'என்ன, என்ன' என்று கேட்டால் உனக்கு அலுப்பு. அதனால் பேப்பரை எடுத்துக்கொள்வேன். கடிதத்தில் நீ சொல்வது முழுவதும் எனக்குக் கேட்கிறது.

உங்கள் மூன்று பேருடைய நாளைத் தின்றுவிட்டேன். தப்புதான். மாதேஸ்வரியிடம் சொல்.

ஒன்று கேட்கிறேன். நானும் வரட்டுமா? வண்டியின் ஒவ்வொரு நட்டும் எனக்குத் தெரியும், வழியில் பழுதானால் நான் பார்ப்பேன். இடத்தை அடைக்க மாட்டேன். வெளியே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வேன். நீ சரி என்றால் உடனே கிளம்பிவிடுவேன்.

ரத்தினவேல்


தரங்கம்பாடி
4.4.2025

சுபாஷ் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தது. நாங்களும் சுகம். அவசரம் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

நீங்கள் வர வேண்டாம்.

இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சுற்றி வளைத்தால் நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வீர்கள். ராஜலட்சுமிக்குக் கல்யாணமே இல்லை. மாதேஸ்வரிக்குப் புருஷன் இருந்து போய்விட்டார். நடுவில் என் வீட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்தால் அவர்கள் காலை மடக்கி உட்கார வேண்டும், வாயைப் பொத்திச் சிரிக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான். நீங்கள் கேட்காவிட்டாலும் உங்களுக்கு முதல் தோசை ஊற்றுவேன், மாத்திரையை எடுத்து வைப்பேன், துண்டைக் காயப் போடுவேன். என் கை சும்மா இருக்காது. கட்டிலை வெளியே போட்டாலும் நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள். மீதியிருக்கிற நாளாவது எங்கள் நாளாக இருக்கட்டும்.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைக் கோட்டைக் கல்லுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். என் பேச்சைக் கேட்க ஒரு ஆள் இவ்வளவு அயோக்கியத்தனம் செய்வார் என்று நான் நினைத்ததில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது வேறு, இது வேறு.

பட்டறை டிரைவர் கந்தனை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியைக் கொண்டுவந்து மாதேஸ்வரி கையில் சாவியைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். கிளம்பும்போது கேஸை மூடுங்கள்.

பவளம்


மணப்பாடு
19.4.2025

சுபாஷ் அப்பாவுக்கு,

மூன்று பேரும் நலம். நீங்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று சுபாஷ் சொன்னான். பயண அலுப்பு தீர்ந்திருக்கும்.

வண்டி நன்றாக இருக்கிறது. மாதேஸ்வரி ஓட்டும்போது யாரும் அவளோடு பேசக் கூடாது, பாட்டு மட்டும் போடலாம். ராஜலட்சுமி பின்னால் படுத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். வேதாரண்யத்தில் ஒரு நாள், ராமேஸ்வரத்தில் மூன்று நாள் நின்றோம். நன்றாக இருக்கிற இடத்தில் நின்றோம், அலுத்ததும் கிளம்பினோம். யாரையும் கேட்கவில்லை. கன்னியாகுமரியோடு திரும்பிவிடுவோம். வரைபடத்தில் அடித்ததெல்லாம் அடித்ததுதான், அதற்காக மாதேஸ்வரி உங்களை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு மேலே நீங்கள் வைத்துக் கொடுத்த விசிறியைக் காட்டி, "சாருக்கு வேல மட்டும் தெரியுதுக்கா" என்றாள்.

பத்தாம் தேதி நீங்கள் வந்தபோது நான் எதிர்பார்த்தபடிதான் நடந்தது. நாள் முழுக்க அவர்களுக்கு பியூஸ், தண்ணீர், கேஸ் என்று விளக்கினீர்கள். சாயங்காலம் கந்தன் நாகப்பட்டினத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிட, நான் உங்களை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். அங்கே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் எதிரில் இருந்த பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை இல்லை. இவ்வளவு கடிதம் எழுதியும் இதுதானா என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டி, "நீ திரும்பி வந்தா எங்கிட்ட பேசுவியா, பவளம்?" என்று கேட்டீர்கள். காது கேட்காதவர்கள் மெல்லத்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்டது பஸ் முழுக்கக் கேட்டது, பூக்கடைக்கும் கேட்டது. கண்டக்டர், "பேசுவாங்க, தலைய உள்ள எடுங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது எதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

நான் தலையாட்டினேன். பஸ் போன பிறகும் அங்கேயே நின்று ஆட்டிக்கொண்டிருந்தேன், பூக்காரம்மா பார்த்தார்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்குப் பதில் போட வேண்டாம். நாளைக் காலை நாங்கள் இங்கே இருக்க மாட்டோம்.

பவளம்